குண்டுக்கு முந்திய ராகி

குலாம் முகம்மதுவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது, பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் புதுப் பிரிவுக்கு மாற்றிய சில மாதங்களில். அமிலப் புகையால் வந்த இருமல் என்று அவருக்குத் தெரியும். ஓசூரில் வைத்தியம் பார்த்தவர் மட்டும் பீடியை விட்டுவிடுங்கள் என்றார். வாழ்நாளில் பீடியைத் தொட்டதில்லை என்று சொல்லக்கூட அன்று அவருக்குத் தெம்பில்லை. சரி என்று தலையாட்டி மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அவருக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. சொந்த ஊர் ராயக்கோட்டை. அப்பா தானிய மண்டி வைத்திருந்தவர். உலகச் சண்டைக் காலத்தில் தானியத்துக்குக் கட்டுப்பாடு வந்தபோது கடை படுத்துவிட்டது. அப்பாவும் படுத்தார், எழுந்திருக்கவில்லை. குலாம் அதற்கு முன்பே பெங்களூரில் இண்டர்மீடியட் முடித்து, அரசாங்க உணவு ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்திருந்தார். நெய்யில் வனஸ்பதி கலந்திருக்கிறதா, மிளகாய்ப் பொடியில் செங்கல் தூள் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. கடைக்காரர்கள் திட்டுவார்கள், வழக்கு நடக்கும், யாராவது அபராதம் கட்டுவார்கள். செய்த வேலைக்கு ஒரு முடிவு கண்ணில் தெரியும். மனைவி ஃபரீதாவின் வீடு ஓசூரில் இருந்ததால் அங்கேயே குடியிருந்து, விடியற்காலை பஸ்ஸில் போய் இருட்டுவதற்குள் திரும்புவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் அவரைப் புதிதாகத் தொடங்கிய ஒரு சின்னப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆய்வுக்கூடத்தின் பின்பக்கத்து ஓட்டுக் கட்டடம்தான் அது. அங்கே உணவில் அணுகுண்டின் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அணுகுண்டு ஜப்பானில் விழுந்ததோடு தீர்ந்தது என்றுதான் ஊரில் பலரும் நினைத்திருந்தார்கள். ஆனால் பெரிய தேசங்கள் கடல் நடுவிலும் பாலைவனத்திலும் மாற்றி மாற்றி வெடித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. வெடித்த தூசி மேகத்துக்கும் மேலே போய், உலகத்தைச் சுற்றி, மழையோடு யார் நிலத்திலாவது இறங்கும். அதில் ஸ்ட்ரான்சியம் என்று ஒன்று உண்டு. குணத்தில் அது சுண்ணாம்புச் சத்துக்குப் பங்காளி மாதிரி. செடிக்கு வித்தியாசம் தெரியாது, உடம்புக்கும் தெரியாது. சுண்ணாம்புச் சத்து போகிற எலும்புக்கே இதுவும் போய் உட்கார்ந்துகொள்ளும். தானியங்களில் சுண்ணாம்புச் சத்து மிகுந்தது ராகி. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் காலையில் கூழ், ராத்திரி களி, பல் முளைக்காத குழந்தைக்கு ராகிப் பால். அதனால்தான் ராகியை எடுத்தார்கள்.

அது செக்குமாட்டு வேலை. ராகியை உலர்த்திக் கருக்கி மின் உலையில் வைத்தால், கூடை நிறைய இருந்தது ஒரு பிடி வெள்ளைச் சாம்பலாகும். அதை அமிலத்தில் கரைத்து, சுண்ணாம்பையும் ஸ்ட்ரான்சியத்தையும் பிரிக்க, திறந்தாலே செம்பழுப்பாகப் புகைகிற வேறொரு அமிலத்தை ஊற்ற வேண்டும். அந்தப் புகைதான் அவருடைய நெஞ்சில் போய் உட்கார்ந்தது. பிரித்ததை உடனே அளக்கவும் முடியாது. அதில் புதிதாக ஒரு பொருள் விளைவதற்கு இரண்டு வாரம் காத்திருந்து, அதைத் தனியே எடுத்துச் சின்னத் தட்டில் பரப்பி, ஈயக் கட்டிகளுக்கு நடுவே எண்ணும் கருவியின் கீழே வைக்க வேண்டும். கருவி எப்போதாவது ஒரு 'டக்' போடும். அது ராகியிலிருந்து வந்ததா, வானத்திலிருந்து சும்மா வந்ததா என்று அந்தச் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. நாளெல்லாம் எண்ணிக் கூட்டிக் கழித்தால் கடைசியில் மிஞ்சுவது ஒரு துளி.

ஐம்பத்தெட்டில் அப்படி ஒரு துளி மிஞ்சியது.

பிரிவின் தலைவர் டாக்டர் ஸ்ரீகண்டய்யா மைசூர்க்காரர், நிதானமான மனிதர். அந்த எண்ணை ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு குலாமைக் கூப்பிட்டார். இது குண்டிலிருந்து வந்ததுதான் என்று எப்படிச் சொல்வது, நம் அமிலத்திலோ உலைச் செங்கல்லிலோ ஏதாவது இருந்து ஏமாற்றினால் என்ன செய்வது என்று கேட்டார். அவருக்கு வேண்டியது குண்டே இல்லாத காலத்து ராகி. நாற்பத்தைந்துக்கு முன்னால் விளைந்தது. அதையும் இதே பாத்திரத்தில், இதே அமிலத்தில், இதே கையால் செய்து பார்த்து ஒன்றும் மிஞ்சாவிட்டால், புதுசில் மிஞ்சியது குண்டுதான். நீங்கள் தானியக்காரர் வீட்டுப் பிள்ளை, உங்களுக்குத்தான் அகப்படும் என்றார்.

குலாம் தேட ஆரம்பித்தார். ராகி எத்தனை வருஷமானாலும் கெடாத தானியம் என்பது வாஸ்தவம். இறுகிய சரளை மண்ணில் வாய் குறுகலாக, வயிறு அகலமாகக் குழி தோண்டி, வைக்கோல் பரப்பிக் கொட்டி, கல்லால் மூடிக் களிமண் பூசிவிட்டால், அப்பன் கொட்டியதை மகன் எடுத்துச் சாப்பிடலாம். ஆனால் எந்த மகன் விட்டு வைத்திருப்பான்? ஐம்பதுகளின் தொடக்கத்தில் வருஷக்கணக்காக மழை பொய்த்திருந்தது. இருந்த குழியெல்லாம் அப்போதே துடைத்து எடுக்கப்பட்டுவிட்டது. வேப்பனப்பள்ளியில் ஒருவர், பதினாலு வருஷத்து ராகி கேட்கிறீர்களே, பதினாலு மாசத்து ராகி இருந்தால் எனக்குச் சொல்லுங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் இப்படிப் பஸ் தூசியில் போயின. திரும்பி வந்தால் ஃபரீதா வெந்நீர் வைத்துக் கொடுப்பாள்.

கடைசியில் துப்புக் கொடுத்தவர் ராயக்கோட்டை முனீர் அகமது. குலாமின் அப்பா காலத்து மண்டி வியாபாரி. தேன்கனிக்கோட்டையிலிருந்து காட்டோரமாகப் போனால் தொட்டகானப்பள்ளி என்று ஒரு ஊர், அங்கே அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு குழிக்குச் சண்டை போட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள், அதை இன்னும் யாரும் திறக்கவில்லை என்று கேள்வி என்றார்.

அந்த வருஷம் ஐப்பசி மழைக்கு நடுவில் குலாம் அங்கே போனார். பஸ் நின்ற இடத்திலிருந்து சேற்றில் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது. ஆனை வந்து மிதித்த ராகிக் கொல்லை ஒன்று வழியில் பாய் விரித்தாற்போல் கிடந்தது.

அண்ணன் திம்மராயன், தம்பி கோவிந்தப்பன். ஒரே வளாகத்தில் எதிரெதிராக இரண்டு வீடு, நடுவில் முற்றம். முற்றத்தின் நட்ட நடுவே ஒரு கல். நாற்பத்துநாலு அறுவடையில் அவர்கள் அப்பா குழியை நிரப்பி மூடினார். மறு மாசமே செத்துப்போனார். பாகம் பிரிக்கும்போது அந்தக் குழி யாருக்கு என்ற பேச்சு வந்தது. பெரியவனுக்கு என்று சொல்லியிருந்தார் அப்பா என்றான் அண்ணன். சரிபாதி என்றான் தம்பி. வாய்ப்பேச்சு கைகலப்பாகி, கைகலப்பு வழக்காயிற்று. தீர்ப்பாகும்வரை யாரும் தொடக்கூடாது என்று கோர்ட்டில் சொன்னார்கள். வாய்தா மேல் வாய்தா போய், இரண்டு பேருக்கும் வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லாமல் வழக்கு தானாகவே செத்துவிட்டது. கல் மட்டும் கிடந்தது. நீ தொட்டால் நான் விடமாட்டேன் என்று இரண்டு வீடும் ஒன்றையொன்று காவல் காத்துக்கொண்டிருந்தன.

திம்மராயன் மரியாதையாக உட்காரவைத்துக் கேட்டார்.

"நான் இல்லன்னு சொல்லல சாயபு. சின்னவன் ஒத்துக்கிட்டா எடுத்துக்குங்க. ஆனா அது எப்பவோ மக்கிப் போயிருக்கும். தண்ணி எறங்கியிருக்கும்."

முற்றத்தைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனார் குலாம். பெரியவர் வாயால் தன்னைக் கேட்டால் யோசிக்கலாம் என்றார் கோவிந்தப்பன். அவரும் அதையே சொன்னார், அது மக்கிப் போயிருக்கும், தண்ணீர் இறங்கியிருக்கும் என்று. பதினாலு வருஷமாகப் பேசிக்கொள்ளாதவர்கள் ஒரே வார்த்தையைச் சொன்னது குலாமுக்கு வேடிக்கையாக இருந்தது. அப்போது அதன் பொருள் அவருக்குப் புரியவில்லை.

கோவிந்தப்பனின் மனைவி நாகம்மா தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, இவர் யார், எதற்கு வந்திருக்கிறார் என்று கேட்டாள். குலாமே சொன்னார். பழைய ராகி கொஞ்சம் வேண்டும், மெஷினில் வைத்துப் பரீட்சை பண்ண என்றார். அவள் சத்தம் போடவில்லை.

"எம் பொண்ணுக்குத் தெறக்காத குழி. உங்க மிசினுக்குத் தெறக்கணுமா?"

சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

குலாம் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஊர் எல்லைவரை வந்தவள் திம்மராயனின் மனைவி வெங்கடம்மாள். மோர் கொடுத்தாள். யாரும் கேட்காமலே அவள்தான் சொன்னாள். பஞ்சம் முற்றிய வருஷம் நாகம்மாவின் பெண் மாதம்மா செத்துப்போயிற்று. கத்தாழைக் குருத்தை வேகவைத்துத் தின்று வயிற்றுக்கு ஆகாமல் பேதியாகிப் போனது. பேச்சு நன்றாக வந்துவிட்ட குழந்தை. அந்த மாசத்தில் ஒரு நாள் நாகம்மா கடப்பாரையை எடுத்துக்கொண்டு கல்லண்டை வந்தாளாம். இரண்டு ஆண்களும் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்கள்.

"நானும் ஊட்டுக்குள்ளயேதான் நின்னுகினு இருந்தேன் சாயபு," என்றாள் வெங்கடம்மாள். குலாம் மோர்ச்சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஊருக்கு வந்ததும் காய்ச்சல் கண்டது. எழுந்து வேலைக்குப் போனபோது ஸ்ரீகண்டய்யா விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, தாசில்தாருக்கு எழுதி உத்தரவு வாங்கிவிடலாமே என்றார். குலாம் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, அந்த வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கிறது சார் என்று மட்டும் சொன்னார். டாக்டர் பென்சிலை மேஜைமேல் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, அப்படியானால் நம்முடைய எண்ணைச் சந்தேகத்தோடுதான் அனுப்ப வேண்டும் என்றார். இரண்டு பேரும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். உலை எரிந்தது, அமிலம் புகைந்தது, தட்டுகள் ஈயக் கட்டிகளுக்குள் போய் வந்தன. அந்தச் சமயத்தில் குலாமுக்கு அடிக்கடி நெய்ப் பரீட்சை ஞாபகம் வரும். கலப்படம் செய்தவனை அதில் கையைக் காட்டிச் சொல்லலாம். இதில் யாரைக் காட்டுவது? பஸ்ஸில் ஜன்னலில் தலையைச் சாய்த்தால் ஓசூர் வந்து நடத்துனர் தட்டும்வரை எழுந்திருக்கமாட்டார். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரிவதில்லை என்று ஃபரீதா மகளிடம் சொல்லிக் குறைபட்டாள்.

தை பிறந்ததும் புது அறுவடையிலிருந்து மாதிரி எடுக்கப் போக வேண்டியிருந்தது. காட்டோர ஊர்களிலும் எடுக்கும்படி உத்தரவு. குலாம் தொட்டகானப்பள்ளியை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தார். ஆனால் அந்தப் பக்கத்தில் கதிரடித்து முடிந்திருந்தது அங்கே மட்டும்தான்.

களத்தில் நாகம்மா ராகி தூற்றிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். குலாம் தூரத்திலேயே நின்று, குழிக்காக வரவில்லை, புது ராகி கொஞ்சம் விலைக்கு வேண்டும் என்றார். அவள் அளந்து பையில் போட்டாள். போட்டுக்கொண்டே, இதில் அப்படி என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள்.

ஆய்வுக்கூடத்துக்கு வந்துபோகிற பெரிய மனிதர்கள்கூட அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. குலாம் களத்து ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். நிற்க முடியவில்லை. எங்கேயோ கடலில் வெடிப்பது, தூசி மேலே போவது, மழையில் இறங்குவது, ராகி அதைச் சத்து என்று நினைத்து உறிஞ்சுவது, தின்கிற குழந்தையின் எலும்பில் அது தங்குவது என்று இருமலுக்கு நடுவில் விட்டுவிட்டுச் சொன்னார். இப்போது இரண்டு மாசமாக வெடிப்பதை நிறுத்தியிருக்கிறார்களாம் என்றும் சொன்னார்.

"எவ்வளோ இருக்குது இதுல?"

"ரொம்பக் கொஞ்சம்மா. அந்தக் கொஞ்சம் நெசந்தானான்னு தெரியத்தான் பழசு கேட்டேன்."

"பழசுல இருக்காதா?"

"இருக்கக் கூடாது."

அவள் முறத்தை எடுத்தாள். தூற்றாமல் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு அவரைப் பார்க்காமல் பேசினாள்.

"அது மக்கிப் போயிருக்கும்னு ரெண்டு பேரும் சொல்றாங்க. எம் பொண்ணு செத்த அன்னிக்கே சொன்னாங்க. தெறந்திருந்தாலும் ஒண்ணும் கெடச்சிருக்காதுன்னு. நெசமாவே மக்கிப் போயிருந்தா எனக்கும் ஆறுதல்தான். உங்க மிசின்ல அது தெரியுமா?"

"அதுக்கு மெஷின் வேணாம்மா. கையில எடுத்தாலே தெரியும்."

சொன்ன பிறகுதான் குலாமுக்கு உறைத்தது, அண்ணனும் தம்பியும் ஏன் அந்தக் கல்லைத் தொட பயப்படுகிறார்கள் என்று. பதினாலு வருஷத்து வீம்பெல்லாம் எப்போதோ தேய்ந்துபோயிருக்கும். இப்போது அவர்களுக்குப் பயம், ராகி நன்றாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று. வேண்டாம்மா, அப்படியே விட்டுவிடுங்கள் என்று சொல்ல அவருக்கு வாய்வரை வந்தது. ஆனால் அந்த ராகி அவருக்கு வேண்டியும் இருந்தது. அதோடு அவள் கேட்டுவிட்டாள்; அவள் கேட்டதை மறுக்க அவர் யார்? பேசாமல் இருந்துவிட்டார்.

நாகம்மா நேரே அண்ணன் வீட்டு வாசலுக்குப் போனாள். எத்தனையோ வருஷமாக அவள் மிதிக்காத வாசல். உள்ளே வெங்கடம்மாளின் மருமகள் பிள்ளைத்தாய்ச்சியாக உட்கார்ந்திருந்தாள். நாளைக்குக் கல்லை எடுக்க வேண்டும், இந்தச் சாயபு இருக்கும்போதே எடுக்க வேண்டும் என்றாள் நாகம்மா. திம்மராயனுக்குக் கோபம் வந்தால் கன்னடம்தான் வரும். கன்னடத்தில் ஏதோ ஆரம்பித்தார். வெங்கடம்மாள் குறுக்கே வந்து, போதும், எடுங்கள் என்றாள். அன்று குலாம் தேன்கனிக்கோட்டையில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, காலையில் திரும்பி வந்தார்.

கல்லைக் கடப்பாரையால் நெம்பியபோது ஒரு வாடை வந்தது. ஈரச் சாக்கும் சுண்ணாம்பும் கலந்தாற்போல. உடனே இறங்கினால் ஆளைக் கொன்றுவிடும் காற்று அது. அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். பாதியிலேயே அணைந்தது. கூடையைக் கயிற்றில் கட்டி மேலும் கீழுமாக ஆட்டிக் காற்றைக் கிளப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். ஊரில் பாதி பேர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். யாரும் உள்ளே வரவில்லை. வெயில் ஏறியபிறகு விளக்கு அடிவரை போய் எரிந்தது.

இறங்கினது கோவிந்தப்பன். இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடிக்க ஆள் வேண்டும். திம்மராயன் யாரையும் பார்க்காமல் வந்து கயிற்றை வாங்கித் தன் கையில் சுற்றிக்கொண்டார்.

முதலில் வந்த கூடையில் இருந்தது கறுத்து அடையாகிப்போன ராகி. திம்மராயன் அதை உடைத்துப் பார்த்தார். அவர் முகம் தெளிந்ததைக் குலாம் கவனித்தார். "நாந்தான் சொன்னேனே," என்றுகூட அவர் வாய்க்குள் சொன்னார். இரண்டாவது கூடையில் பாதி கறுப்பு, பாதி சிவப்பு. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் சிவப்புதான். மணிமணியாக, வழுவழுவென்று, நேற்றுத் தூற்றினது மாதிரி. வைக்கோல்கூட உலர்ந்து மஞ்சளாகவே இருந்தது. மேலே ஒரு சாண் போயிருந்தது, அவ்வளவுதான்.

நாகம்மா ஒரு பிடி எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். கொஞ்சம் வாயில் போட்டு மென்றாள். விழுங்கிவிட்டு குலாமைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க."

அவர் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்த கைக்கு அது உடனே தெரிந்தது. தெரியாத மாதிரி இருக்கத்தான் பார்த்தார். கொஞ்சம் பழுது, கொஞ்சம் நல்லது என்று சொன்னால் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம்.

"நல்லா இருக்குதும்மா."

"அப்பவும்?"

"அப்பவும் நல்லாத்தான் இருந்திருக்கும்."

அவள் தலையை அசைத்தாள். திம்மராயன் கயிற்றைக் கையில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்தார். கீழே இருந்த கோவிந்தப்பனுக்கும் எல்லாம் கேட்டிருக்க வேண்டும். கூடை வரவில்லை. கயிற்றை இழுத்துப் பார்த்தும் பதில் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. திம்மராயன் முழங்காலிட்டுக் குழியின் வாயில் குனிந்தார்.

"கோவிந்தா, மேல வாடா. அங்க காத்து ஆவாது. வாடா."

வெகுநேரம் கழித்துக் கயிறு அசைந்தது. கோவிந்தப்பன் தோளெல்லாம் ராகித் தூசியோடு மேலே வந்து, நேராகக் கொல்லைப்பக்கம் நடந்து போய்விட்டார். யாரும் தடுக்கவில்லை. சற்று நேரத்தில் திம்மராயனும் அதே பக்கம் போனார்.

குலாமின் பையை நாகம்மாவே நிரப்பினாள். கட்டும்போது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். மகள் வஜிஹாவின் பெண் குழந்தை இருக்கிறது, இப்போதுதான் உட்காரப் பழகுகிறது என்றார். தன் முந்தானையிலிருந்து ஒரு துணியைக் கிழித்து, அதில் தனியாக ஒரு முடிச்சுக் கட்டிக் கொடுத்தாள். இது பரீட்சைக்கு இல்லை என்றாள்.

பழைய ராகியை அதே பாத்திரத்தில், அதே அமிலத்தில் குலாமே செய்தார். வேறு யாரையும் தொட விடவில்லை. இரண்டு வாரம் காத்திருந்து தட்டை வைத்தார்கள். கருவி போட்ட 'டக்' எல்லாம் வெறும் தட்டுக்குப் போடுகிற கணக்குக்குள்ளேயே இருந்தது. ராகியிலிருந்து என்று சொல்ல ஒன்றுமே மிஞ்சவில்லை. ஸ்ரீகண்டய்யா எழுந்து வந்து குலாமின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இனிமேல் தைரியமாகச் சொல்லலாம், புது ராகியில் இருப்பது குண்டுதான் என்றார். அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். குலாமும் சிரித்தார். சந்தோஷப்பட வேண்டியதா இது என்று யோசிக்கத் தொடங்கி, யோசிக்க அலுப்பாக இருந்து, கைகழுவப் போனார். அறிக்கை மேலே போனது. மேலேயிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

முடிச்சில் இருந்த ராகியை ஃபரீதா ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து குழந்தைக்குக் காய்ச்சினாள். ஒரு வாரத்துக்கு வந்தது. அப்புறம் கடை ராகிதான். எந்த ராகி கொடுக்கலாம் அத்தா என்று வஜிஹா கேட்டாள். குடும்மா, பசியோடு விடாதே என்றார். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தெரியாது.

அந்த வருஷக் கடைசியில் மறுபடியும் மாதிரிக்காகத் தொட்டகானப்பள்ளி போனார். இருமலோடு இப்போது மூச்சும் வாங்கியது. வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்தார். முற்றத்தில் குழியைத் தூர்த்து மண்ணைச் சமன் செய்திருந்தார்கள். அந்த ராகியை இரண்டு வீட்டிலும் யாரும் தொடவில்லையாம். மாரியம்மன் திருவிழாவில் கூழ் காய்ச்சி ஊருக்கு ஊற்றிவிட்டார்கள் என்றாள் வெங்கடம்மாள். அவள் பேரனை இடுப்பில் வைத்திருந்தாள். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்கிறார்களா என்று குலாம் கேட்டார். மாடு, தண்ணீர், மழை என்று வேண்டியதைப் பேசிக்கொள்கிறார்கள் என்றாள். ஆனை வந்தால் இரண்டு பேரும் சேர்ந்துதான் போய்த் துரத்துகிறார்களாம்.

நாகம்மா களத்தில்தான் இருந்தாள். பையை வாங்கிப் புது ராகியை அளந்து போட்டாள்.

"வெடிக்கிறது நின்னுடுச்சுன்னு சொன்னீங்களே. இதுல கொறஞ்சிருக்குமா?"

"மேல போனது இன்னும் எறங்கிக்கினேதான் இருக்குதும்மா. அதனால தெரியல. பாத்தாத்தான் தெரியும்."

"பாத்துட்டு வந்து சொல்லுங்க," என்றாள்.

வருகிறேன் என்றார். பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்ள முடியவில்லை. நாகம்மா ராகியில் பாதியைத் திரும்பக் கொட்டிவிட்டு, எடையைக் குறைத்து, பையை அவர் தோளில் மாட்டிவிட்டாள். பஸ் போனால் போகிறது, மெதுவாக நடங்கள் என்றாள். அவர் மெதுவாகத்தான் நடந்தார்.